தூக்கிச் செல்லாத சுற்றுலா: மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் கோயில் நகரப் பயணத்தை அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

நம் கோயில் நகரங்களில் சக்கர நாற்காலியில் ஒருவர் வந்து இறங்கியதும், உதவ முன்வருபவர்கள் பெரும்பாலும் சொல்வது, "நாலு பேர் பிடித்தால் தூக்கிவிடலாம்" என்பதுதான். சொல்பவர்களின் நல்ல மனத்தில் குறையில்லை. ஆனால், தூக்கப்படுபவருக்கு அது வலியையும் அச்சத்தையும் கூச்சத்தையும் தருகிறது. பலர் முன்னிலையில் தம் உடலை அறிமுகமற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. தூக்குபவருக்கு முதுகு பிடிக்கலாம். ஈரப் படியில் ஒருவர் வழுக்கினால் எல்லோரும் விழலாம். ஆகவே, யாரையும் எங்கும் தூக்க வேண்டிய தேவை எழாதபடி ஒரு பயணத்தை எப்படி அமைப்பது என்பதையே இந்த வழிகாட்டி விளக்குகிறது. சுற்றுலா ஏற்பாட்டாளர்கள், விடுதி உரிமையாளர்கள், கோயில் நிர்வாகிகள் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. பெற்றோரை அழைத்துச் செல்ல விரும்பும் குடும்பத்தினருக்கும் பெரும்பகுதி பயன்படும். உதாரணத்துக்குத் தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்று சோழர் கோயில்களை இணைக்கும் பயணத்தை எடுத்துக்கொள்வோம்.

சட்டம் சொல்வது

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை அங்கீகரிக்கிறது. அரசுக்குச் சொந்தமானதாயினும் தனியாருக்குச் சொந்தமானதாயினும், பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் எதுவும் அச்சட்டத்தின்படி பொதுக் கட்டடமே. சமயம், பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான இடங்களும் அந்த வரையறையில் வெளிப்படையாகவே சேர்க்கப்பட்டுள்ளன. விதிகள் 2017 ஜூன் மாதத்தில் அறிவிக்கப்பட்டன. சேவை வழங்குவோருக்கு இரண்டு ஆண்டுகளும், ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களுக்கு ஐந்து ஆண்டுகளும் அவகாசம் தரப்பட்டிருந்தன, இரண்டும் கடந்துவிட்டன. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இடங்களை அமைப்பதற்கான அணுகல் நெறிகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்கும் விதி சட்டத்துக்கு முரணானது என்று கூறி, கட்டாயமான அடிப்படை நெறிகளை வகுக்குமாறு மத்திய அரசுக்கு ஆணையிட்டது. எனவே, ஒரு விடுதி உரிமையாளர் வாசலில் சாய்தளம் அமைப்பதைத் தருமமாகக் கருத வேண்டியதில்லை. அது அவர் செய்ய வேண்டிய கடமை.

முதல் படி: வருபவரிடம் சரியான கேள்விகளைக் கேளுங்கள்

"என்ன நோய்?" என்ற கேள்வியால் பயன் எதுவும் இல்லை. அது ஏற்பாட்டாளருக்குத் தேவையானதும் அன்று, கேட்பதற்கு உரிமையுள்ளதும் அன்று. அவர் என்ன செய்ய இயலும், எது கடினம் என்பதே தெரிய வேண்டும். தொடர்ந்து எவ்வளவு தூரம் நடப்பார்? கைப்பிடி இருந்தால் எத்தனை படிகள் ஏறுவார்? சக்கர நாற்காலியிலிருந்து வண்டியின் இருக்கைக்குத் தாமே மாறிக்கொள்வாரா? நாற்காலி மடிக்கக்கூடியதா, மின்கலத்தில் இயங்குவதா, அதன் அகலம் எவ்வளவு? தரையில் அமரும் கழிப்பறையைப் பயன்படுத்த இயலுமா? இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார்? இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டுமா? பார்வை, செவித்திறன் ஆகியவற்றில் குறை இருந்தால் தகவலை எந்த வடிவில் பெற விரும்புகிறார்?

இக்கேள்விகளைப் பயணம் செய்பவரிடமே நேராகக் கேட்க வேண்டும். மகனிடமும் மருமகளிடமும் கேட்டு எழுதிக்கொண்டால், "அம்மாவுக்கு ஒன்றும் பிரச்சினை இல்லை, மெதுவாக நடப்பார்கள்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். மூட்டு வலியோடு இருபது ஆண்டுகளாக வாழும் ஓர் அம்மாவுக்குத்தான், எந்த உயரப் படி தம்மால் ஏறக்கூடியது என்பது துல்லியமாகத் தெரியும்.

இரண்டாம் படி: அளவு நாடாவோடு முழு வழியையும் நடந்து பாருங்கள்

என் கருத்தில் இந்த வேலை முழுவதிலும் மிக முக்கியமானதும் மிகக் குறைந்த செலவில் முடிவதும் இதுதான். வண்டி நிற்கும் இடத்திலிருந்து சன்னிதி வரையிலும், விடுதி வாசலிலிருந்து குளியலறை வரையிலும், சாப்பாட்டுக் கடையின் படியிலிருந்து கை கழுவும் இடம் வரையிலும் நடந்து, ஒவ்வொரு தடையையும் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். படிகளின் எண்ணிக்கையோடு ஒவ்வொரு படியின் உயரத்தையும், கைப்பிடி எந்தப் பக்கம் உள்ளது என்பதையும் எழுதுங்கள். இடது பக்கம் வாதம் வந்தவருக்கு இறங்கும்போது வலப்புறம் இருக்கும் கைப்பிடியே உதவும். அதே கைப்பிடி அவர் ஏறும்போது இடப்புறமாகிவிடும். சரிவை அளக்கக் கைபேசியில் உள்ள மட்டமானி செயலி போதும்.

ஒப்பிடுவதற்கு, மத்திய அரசு 2021இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த வழிகாட்டு நெறிகளில் உள்ள சில அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாய்தளத்தின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தை மீறக் கூடாது. அதாவது, 15 செ.மீ. உயரமுள்ள ஒரே ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும், 45 செ.மீ. உயரத்துக்கு 5.4 மீட்டர் வேண்டும். அதன் அகலம் 1.2 மீட்டர். சக்கர நாற்காலி முழுமையாகத் திரும்ப 1.5 மீட்டர் இடம் தேவை. கதவு திறந்த நிலையில் 90 செ.மீ. வழி இருக்க வேண்டும். நம் ஊர் லாட்ஜுகளின் வாசல்களில் காணப்படும் சிமென்ட்டுச் சாய்தளங்கள் பலவும் இரு சக்கர வண்டியை ஏற்றுவதற்காகப் போடப்பட்டவை. அவற்றின் சரிவில் சக்கர நாற்காலியைத் தள்ளினால் அது பின்பக்கம் கவிழும். அத்தகைய ஒன்றை வைத்துக்கொண்டு, "எங்களிடம் சாய்தளம் உண்டு" என்று விளம்பரம் செய்வது, ஒன்றுமே இல்லை என்று சொல்வதைவிடத் தீங்கானது.

மூன்றாம் படி: போக்குவரத்து

ரயிலில் வருவோர்க்கு, ஏறும் நிலையத்தையும் இறங்கும் நிலையத்தையும் நேரக் கணக்கோடு தேர்ந்தெடுக்க வேண்டும். சிறிய நிலையங்களில் வண்டி இரண்டே நிமிடம் நிற்கும். அதற்குள் நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள உயர வேறுபாட்டைக் கடந்து ஒரு முதியவரையும் அவருடைய வாக்கரையும் பெட்டிகளையும் இறக்குவது ஆபத்து. வண்டி புறப்படும் நிலையத்தில் ஏறி, முடியும் நிலையத்திலோ நெடுநேரம் நிற்கும் சந்திப்பிலோ இறங்கி, மீதித் தூரத்தை வேனில் கடப்பது நல்லது. வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, அங்கே மின்தூக்கி இயங்குகிறதா என்பதையும் முன்னரே விசாரியுங்கள். சக்கர நாற்காலிக்கு நிலைய மேலாளரையோ 139 என்ற எண்ணையோ தொடர்பு கொள்ளலாம். கீழ்ப்படுக்கைக்கான ஒதுக்கீடு, தகுதியுள்ளவர் தனியாகவோ இருவராகவோ ஒரு சீட்டில் பயணம் செய்யும்போதே கிடைக்கும். எனவே, ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரே சீட்டாகப் பதிவு செய்யாமல் இருவர் இருவராகப் பிரித்துப் பதிவு செய்யுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்டது. ஆகையால் முழுக் கட்டணத்தையே திட்டத்தில் சேர்க்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளில் குறிப்பிட்ட பிரிவினருக்கும் உடன் செல்பவருக்கும் சலுகை தொடர்கிறது. அதற்கு ரயில்வே தரும் அடையாள அட்டையை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும்.

விமானத்தில் வருவோர், பயணத்துக்கு 48 மணி நேரம் முன்னதாகவே தங்கள் தேவையை நிறுவனத்துக்குத் தெரிவிப்பது நல்லது. நடக்க இயலும் ஆனால் தூரம் முடியாது, படி ஏற முடியாது, இருக்கை வரை நாற்காலியிலேயே செல்ல வேண்டும் என்ற மூன்று நிலைகளுக்கும் உதவி வேறு வேறு என்பதால், எது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொந்தச் சக்கர நாற்காலியை விமானத்தின் வாசலிலேயே திரும்பத் தருமாறு கேளுங்கள். சரக்குப் பட்டையில் வரும் நாற்காலிகள் உடைவதுண்டு.

தரைவழிக்கு வேன் எடுக்கும்போது குளிர்சாதனத்தைப் பற்றி விசாரிப்பதற்கு முன், முதல் படி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். வழுக்காத அடிப்பாகம் கொண்ட உறுதியான முக்காலி ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும்; ஏறும் இடத்தில் பிடித்துக்கொள்ள உட்புறக் கம்பி அவசியம். மடிக்க இயலாத நாற்காலியில் வருபவருக்குச் சாய்தளமும் நாற்காலியைத் தரையோடு பிணைக்கும் பட்டைகளும் உள்ள வண்டியே வேண்டும். பட்டை இல்லாமல் நாற்காலியிலேயே அமர்த்தி ஓட்டுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

நான்காம் படி: விடுதியும் கழிப்பறையும்

பயணங்கள் பெரும்பாலும் முறிவது கழிப்பறையில்தான். வழியில் கழிப்பறை கிடைக்காது என்ற அச்சத்தால் முதியோரும் சக்கர நாற்காலியில் வருவோரும் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். தஞ்சாவூர் வெயிலில் அது மயக்கத்திலும் சிறுநீர்த் தொற்றிலும் கொண்டுபோய் விடும். ஆகவே, ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பயன்படுத்தக்கூடிய கழிப்பறை இருக்கும்படி வழியைத் திட்டமிட வேண்டும். அது பெட்ரோல் நிலையமானாலும் உணவகமானாலும், முன்னரே ஒருவர் நேரில் சென்று பார்த்திருக்க வேண்டும்.

விடுதியில் முழுமையான அணுகல் கழிப்பறைக்கு 2.2 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் வேண்டும். பழைய கட்டடங்களில் அவ்வளவு இடம் இருக்காது. அதற்காக முயற்சியைக் கைவிட வேண்டியதில்லை. தரைத்தளத்தில் இரண்டு அறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். குளியலறைக் கதவு உட்புறம் திறப்பதாக இருந்தால் அதை வெளிப்புறம் திறப்பதாக மாற்றுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் உட்புறம் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துக்கொள்ளும். கதவு குறுகலாக இருந்தால் நிலையை அகற்றி அகலப்படுத்துங்கள். கழிப்பறை இருக்கையின் உயரம் 45 முதல் 48 செ.மீ. வரை இருக்கட்டும். அதன் பக்கத்திலும் பின்புறத்திலும் கைப்பிடிக் கம்பிகளைச் சுவரில் ஆழமாகப் பதியுங்கள். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடி என்று சொல்லாதீர்கள். ஆள் எடையைத் தாங்காமல் அது பிடுங்கிக்கொண்டு வரும். குளிக்க முதுகு சாயும் பிளாஸ்டிக் நாற்காலி, கையில் பிடிக்கும் ஷவர், வழுக்காத தரை ஓடு, குளியலறை வாசலில் உள்ள சிறு தடுப்புக்கு ஆப்பு வடிவிலான ரப்பர்ச் சாய்வு ஆகிய இவை அனைத்தும் ஒரு வாரத்துக்குள் செய்து முடிக்கக்கூடியவை. கட்டிலின் உயரம் சக்கர நாற்காலியின் இருக்கை உயரத்தோடு ஒத்திருந்தால் மாறுவது எளிது. கட்டிலுக்குப் பக்கத்தில் விளக்கின் சுவிட்சும் அழைப்பு மணியும் கைக்கு எட்ட வேண்டும்.

செவித்திறன் குறைந்தோர் தங்கும் அறையில் அழைப்பு மணியோடு ஒளிரும் விளக்கும் வேண்டும். தீ விபத்தின்போது மின்தூக்கி இயங்காது என்பதால், நடக்க இயலாதோரை மேல் தளங்களில் தங்கவைக்காதீர்கள்; எந்த அறையில் யார் இருக்கிறார் என்பது இரவுப் பணியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கோயிலுக்குள்

நம் கோயில்களின் தடைகள் வேறு எந்தச் சுற்றுலாத் தலத்திலும் இல்லாதவை. முதலாவது, வெறுங்கால். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று அகலமானது, சமதளமானது, சக்கர நாற்காலிக்கு நல்லது. ஆனால் நண்பகலில் அந்தத் தரை கொதிக்கும். நீண்ட காலச் சர்க்கரை நோயால் பாத உணர்வு மங்கியவருக்குச் சூடு தெரியாது. மாலையில் கொப்புளத்தைப் பார்த்த பிறகே தெரியவரும், அந்தப் புண் ஆறவும் நாளாகும். எனவே, காலை எட்டரை மணிக்குள்ளோ மாலை ஐந்து மணிக்குப் பின்னரோ மட்டுமே கல் தரையில் நடக்கும்படி திட்டமிட்டு, தடித்த பருத்திக் காலுறை அணிந்துகொள்ளச் சொல்லுங்கள். கோயில் நிர்வாகம் தேங்காய் நார் விரிப்பு போடும்போது, அதன் விளிம்பு மடங்கி வாக்கரின் கால்களைத் தடுக்காதபடி இறுக்கிப் பொருத்த வேண்டும்.

இரண்டாவது, காலணியோடு இணைந்த காலிப்பரும் (வலுவிழந்த காலைத் தாங்கும் சட்டம்) செயற்கைக் காலும். அவற்றைக் கழற்றிவிட்டு வரச் சொல்வது, அவரைத் தவழ்ந்து வரச் சொல்வதற்குச் சமம். அவை காலணிகள் அல்ல, உடலின் பகுதிகள் என்பதை வாயிற்காவலர் முதல் அர்ச்சகர் வரை எல்லோரும் உணர்ந்திருக்க வேண்டும். ஈரத் துணியால் அடிப்பாகத்தைத் துடைத்துக்கொள்வதும், துவைத்த துணி உறையைப் போட்டுக்கொள்வதும் இரு தரப்புக்கும் ஏற்புடைய வழிகள். சொந்தச் சக்கர நாற்காலிக்கும் சக்கரங்களைக் கழுவித் துடைக்கும் இடம் வாசலில் இருந்தால் போதும். அவரவர் உடலுக்கு ஏற்ப அமைந்த நாற்காலியை விட்டுவிட்டு கோயில் நாற்காலியில் மாறி உட்காருமாறு வற்புறுத்தினால், தண்டுவடக் காயமுற்றோருக்குப் படுக்கைப்புண் வரக்கூடும்.

மூன்றாவது, கோபுர வாசலின் நிலைப்படியும் சன்னிதிக்குச் செல்லும் படிகளும். பழங்கல்லில் துளையிட்டு நிரந்தரச் சாய்தளம் கட்டக் கூடாது; தொன்மைச் சின்னங்களில் அதற்கு அனுமதியும் கிடைக்காது. கல்லைத் தொடாமல் எடுத்து வைத்து அகற்றக்கூடிய மரச் சாய்தளமோ அலுமினியச் சாய்தளமோ நிலைப்படிகளுக்குப் போதும். ஆனால், தஞ்சாவூரிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் கருவறைக்கு முன்னுள்ள மண்டபம் உயர்ந்த பீடத்தின் மேல் அமைந்தது. அந்த உயரத்துக்குப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் சாய்தளம் போடுவது எளிதன்று. இங்கே உண்மையைச் சொல்லிவிடுவதே மரியாதை. எங்கே நின்றால் கருவறையின் மேல் எழும் விமானம் முழுமையாகத் தெரியும், எந்த நேரத்தில் நிழல் இருக்கும் என்பதைக் கூறி, அவர் விரும்பினால் அதற்கேற்பத் திட்டமிடலாம். தாராசுரத்தில் கீழிருந்தே கண்ணுக்கு நேராகப் பார்க்கத்தக்க சிற்பங்கள் பல இருப்பதால், அந்த இடத்துக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

பார்வையற்றோருடன் செல்லும் வழிகாட்டி, "அங்கே பாருங்கள்" என்று சொல்லிவிட்டு நகரக் கூடாது. யாளியின் வாய்க்குள் உருளும் கல் எப்படி இருக்கிறது, தூணின் பட்டைகள் எத்தனை என்பதை வரிசையாகச் சொல்ல வேண்டும். சிறிய மாதிரி உருக்களைக் கையில் தந்து தொட்டுணரச் செய்யலாம். ஓதுவார் தேவாரம் பாடும் நேரத்துக்கு அங்கே இருப்பது பேரின்பம். செவித்திறன் குறைந்த குழுவுக்கு இந்தியச் சைகை மொழி அறிந்த ஒருவரும் அச்சிட்ட குறிப்பும் வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வரும் குடும்பங்களைத் திருவிழா நாளில் அழைக்காதீர்கள். மேளமும் வேட்டும் நெரிசலும் அவர்களைத் துன்புறுத்தும்.

மலைக்கோயில்களுக்குத் தனிக் கவனம் தேவை. பழனியில் 693 படிகளுக்கு மாற்றாக வின்ச்சும் (தண்டவாளத்தில் கம்பிவடம் இழுக்கும் வண்டி) ரோப் காரும் உள்ளன. 1,305 படிகள் கொண்ட சோளிங்கரில் 2024 மார்ச் முதல் ரோப் கார் இயங்குகிறது. ரோப் கார் பலத்த காற்றிலும் பராமரிப்பு நாள்களிலும் நிற்கும் என்பதால், புறப்படும் நாளன்று காலையிலும் விசாரிக்க வேண்டும். மேல் நிலையத்திலிருந்து சன்னிதி வரை எத்தனை படிகள் என்பதையும் தனியே கேளுங்கள். திருச்சி உச்சிப் பிள்ளையாருக்கு இன்றும் படிகளே வழி. "பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரையும் அழைத்துச் செல்ல வேண்டாம்.

ஆறாம் படி: நாளின் ஓட்டம்

மூன்று சோழர் கோயில்களையும் ஒரே நாளில் முடிக்கும் வழக்கமான திட்டத்தை இவர்கள் மீது சுமத்தாதீர்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, நடுவே முழு ஓய்வு என்று வகுத்தால் இரண்டு நாளில் நிறைவாகப் பார்க்கலாம். மருந்து நேரமும் உணவு நேரமும் பிசகக் கூடாது. அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பெயர், 108 அவசர ஊர்தி, மூத்த குடிமக்களுக்கான 14567 உதவி எண் ஆகியவை ஓட்டுநரின் கையிலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

ஏழாம் படி: பணியாளர்களுக்குப் பயிற்சி

சக்கர நாற்காலியைக் கேட்காமல் தொடக் கூடாது. சரிவில் இறக்கும்போது பின்னோக்கியே இறக்க வேண்டும். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல், நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளச் சொல்லி அரையடி முன்னே நடக்க வேண்டும். "ஐயாவுக்குக் காபி வேண்டுமா?" என்று மகனிடம் கேட்காமல், "ஐயா, காபி சாப்பிடுகிறீர்களா?" என்று அவரிடமே கேட்க வேண்டும். "பாவம்" என்ற சொல் அவர் காதில் விழக் கூடாது. மனத்திலிருந்தும் போக வேண்டும். இவற்றைக் கற்பிக்கச் சிறந்தவர்கள் உள்ளூரிலேயே வாழும் மாற்றுத்திறனாளிகள்தாம். அவர்களை இலவசமாக அழைக்காமல், பயிற்சியாளருக்கு உரிய ஊதியத்தைக் கொடுத்து அழையுங்கள்.

எட்டாம் படி: கட்டியதைக் காத்தல்

சென்னை மெரினா கடற்கரையில் 2022 நவம்பர் இறுதியில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. அலையின் அருகே முதன்முறையாகச் சென்ற பலரின் மகிழ்ச்சியைத் தமிழ்நாடே கண்டது. இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. பின்னர் அது சீரமைக்கப்பட்டது. பராமரிப்புக்கான பணமும் பொறுப்பாளரின் பெயரும் கட்டும் நாளிலேயே முடிவாகியிருக்க வேண்டும் என்பதற்கு இது போதுமான சான்று. அணுகல் கழிப்பறையைத் துடைப்பமும் வாளியும் வைக்கும் அறையாக மாற்றிப் பூட்டி, சாவியை யாரோ எடுத்துச் செல்லும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வாரந்தோறும் ஒருவர் எல்லாவற்றையும் பயன்படுத்திப் பார்த்துக் கையொப்பமிடும் பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள்.

ஒன்பதாம் படி: அளந்ததை அப்படியே வெளியிடுங்கள்

"மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்தது" என்ற ஒற்றை வரியால் யாருக்கும் எதுவும் புரியாது. ஒருவருக்கு உகந்தது மற்றவருக்கு உகந்ததாக இருக்காது; அளவைக் கொடுத்துவிட்டால் முடிவை அவரே எடுப்பார். ஒரு விடுதி இவ்வாறு எழுதலாம்: "வாசலில் ஒரு படி, உயரம் 14 செ.மீ.; அதற்கு 1.7 மீட்டர் நீளமுள்ள மரச் சாய்தளம் உண்டு, கேட்டதும் வைக்கப்படும். தரைத்தள அறையின் கதவு 90 செ.மீ., குளியலறைக் கதவு 78 செ.மீ. கழிப்பறை இருக்கையின் உயரம் 46 செ.மீ.; வலப்பக்கம் மட்டும் கைப்பிடிக் கம்பி உள்ளது. நாற்காலியைக் குளியலறைக்குள் முழுமையாகத் திருப்ப இயலாது." கடைசி வரியை எழுதத் தயங்காதீர்கள், அதைப் படித்த ஒருவர் வராமல் போகலாம், ஆனால் வந்த பிறகு இரவில் தவிக்க மாட்டார். அளந்த தேதியையும் படங்களையும் சேருங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான் செயலி படிக்கும்படி, தகவல் படத்துக்குள் அடைக்கப்படாமல் உரையாக இருக்கட்டும்.

பயணம் முடிந்த வாரத்துக்குள் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, எந்த இடத்தில் அடுத்தவர் கை தேவைப்பட்டது, எந்த அளவு நாம் சொன்னதோடு பொருந்தவில்லை என்று கேளுங்கள். "எல்லாம் நன்றாக இருந்தது" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல், கழிப்பறை, வண்டி ஏறும் இடம், சன்னிதி வாசல் என்று இடம் இடமாகப் பெயர் சொல்லிக் கேட்டால்தான் உண்மையான குறைகள் வெளிவரும். பொருந்தாத அளவை மறுபடியும் நேரில் சென்று அளந்து, அடுத்த குழு பதிவு செய்வதற்கு முன் திருத்தி வெளியிடுங்கள்.